காரை அணைச்சா கேமராவையும் அணைங்க

சதுர்த்தித் திருவிழாவின் ஏழாம் நாள் காலையில் வந்து நின்ற ஒரு சென்னைக் கார், பத்தாம் நாள் காலையில் கிளம்ப மாட்டேன் என்றது. போன வருஷத்துக் கதை. எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். இந்த வருஷத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளையார்பட்டிக்குத் திருவிழா நேரத்தில் வந்தவர்களுக்குத் தெரியும், ஊருக்குள் கார் நுழையாது. ஒன்பதாம் நாள் தேர், கற்பக விநாயகருக்கு வருஷத்தில் ஒருநாள் சாத்துகிற சந்தனக் காப்பு. அன்றைக்குச் சைக்கிள் கூட நுழையாது. ஆவணியில் எங்க வயல்கள் சும்மாதான் கிடக்கும். மழை பெய்து கண்மாயில் தண்ணீர் ஏறினால்தான் நாற்றைப் பற்றிப் பேச்சே. அதனால் ரோட்டோரம் இருக்கிற என் வயலில், மோட்டார் கொட்டகையை ஒட்டிய புளியமர நிழலில், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் காரை விட்டுவிட்டுப் போவார்கள். காசு வாங்குவதில்லை. சிலர் போகும்போது ஒரு டப்பா மோதகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள், அது போதும்.

"அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகலைண்ணே. சாவியத் திருப்புனா டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது."

"பேட்டரி போட்டு எத்தனை வருஷம் தம்பி?"

"புதுசுண்ணே. நாலு மாசந்தான் ஆச்சு."

டிராக்டரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, அதன் இன்ஜினை அணைத்துவிட்டு, கேபிளை எடுத்தேன். முதலில் செத்த பேட்டரியின் பிளஸ், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ், பிறகு நல்ல பேட்டரியின் மைனஸ். கடைசிக் கறுப்புக் கிளிப்பைச் செத்த பேட்டரியின் மைனஸில் மாட்டக் கூடாது. அந்தக் காரின் இன்ஜின் இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும், பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், வருகிறவர்களில் பாதிப் பேர் சிவப்புக்குச் சிவப்பு கறுப்புக்குக் கறுப்பு என்று கடகடவென்று மாட்டுகிறார்கள்.

மாட்டுவதற்கு முன்னால் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 11.4 வோல்ட். நாலு மாசப் பேட்டரி. அப்போதுதான் கண்ணாடியின் மேல்மூலையைப் பார்த்தேன். பெருவிரல் தண்டி ஒரு கேமரா, அதில் ஒரு நீலப் புள்ளி, மினுக்கு மினுக்கென்று. ஸ்டார்ட்டரைச் சுற்ற வழியில்லாத பேட்டரி, அந்தக் கேமராவுக்கு மட்டும் மூன்று நாளாக விடாமல் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

"அது பார்க்கிங் மோடுண்ணே. வண்டி நின்னாலும் ஓடும். யாராச்சும் பக்கத்துல வந்தா ரெக்கார்ட் பண்ணிரும்."

யாராச்சும் பக்கத்துல வந்தா. இந்தக் கட்டுரை முழுக்க அந்த மூன்று வார்த்தையைப் பற்றித்தான். ஆனால் கரண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கோளாறு அங்கேதான் பிறக்கிறது.

கேமராவுக்கு வேண்டியது 5 வோல்ட். கார் கொடுப்பது 12. நடுவில் ஒரு சின்ன மாற்றுப்பெட்டி இருக்கும், போன் சார்ஜருக்குள் இருப்பது போல. எல்லாம் சேர்த்துச் சாதாரண கேமரா ஒன்று 12 வோல்ட் பக்கத்தில் ஏறத்தாழ 0.3 ஆம்பியர் இழுக்கும். கொசுக்கடி மாதிரிதான். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் (நாங்க இன்னும் டைனமோ என்றுதான் சொல்வோம்) 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. இது அதற்குத் தூசு. நின்ற வண்டியில் டைனமோ ஏது? இருப்பதைத்தான் தின்ன வேண்டும். மூன்று நாள் என்றால் 72 மணி நேரம். 0.3-ஆல் பெருக்கினால் 21.6 ஆம்பியர்-மணி. சின்ன பெட்ரோல் கார்களில் இருக்கும் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர்-மணி. அதுவும் நிறைந்த பேட்டரிக்கு. சென்னை நெரிசலில் ஏசியும் லைட்டும் போட்டு ஊர்ந்து, அரைகுறையாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி எந்த நிலையில் இங்கே வந்து சேர்ந்ததோ, பிள்ளையாருக்கே வெளிச்சம். கேமரா கம்பெனிக்காரன் அட்டையில் எத்தனை மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில் போடுகிறான். ஒரு ராத்திரிக்கு எவ்வளவு கரண்ட் தின்னும் என்று எங்கேயாவது போட்டிருக்கிறானா, தேடிப் பாருங்கள்.

இந்த இடத்தில் நகரத்து நண்பர்களிடம் ஒரு பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்கிறேன். 1990-லிருந்து தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம். அன்றிலிருந்து இன்று வரை நாங்கள் கேட்கிற பேச்சு ஒன்று இருக்கிறது: "சும்மா குடுக்குறதால அருமை தெரியல, ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுட்டுத் தூங்கிடுறாங்க, மோட்டார் பாட்டுக்கு ஓடுது." அதில் உண்மை இல்லாமல் இல்லை. நானே ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருந்தவன்தான். மும்முனை கரண்ட் ராத்திரி எப்போது வரும் என்று தெரியாத காலத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் இப்போது உங்கள் காரைப் பாருங்கள். தேவை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், ஆள் இல்லாத நேரத்தில், ஒரு மெஷினை ஓடவிட்டுவிட்டுப் போய் விடுதியில் தூங்குகிறீர்கள். பார்க்கிங் மோட் என்பது உங்க ஊர் ஆட்டோ ஸ்டார்ட்டர். ஒரே வித்தியாசம், எங்க மோட்டார் தண்ணீரையாவது கொண்டுவந்தது.

"அண்ணே, கட்-ஆஃப் இருக்குண்ணே, வோல்ட் இறங்குனா தானா நின்னுடும்" என்பார்கள். இருக்கிறது. நல்ல கிட்டுகளில் இருக்கிறது. அந்தச் சென்னைக் காரில் இல்லை. இருந்தாலும் எந்த வோல்ட்டில் வெட்டுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ஓய்வாக இருக்கும் ஈயப் பேட்டரி 12.6 காட்டினால் நிறைவு. 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே போனால் ஒப்புக்குத்தான் இருக்கிறது. பல கிட்டுகளில் 11.8-லிருந்து ஆரம்பிக்கிறார்கள். அது வீட்டில் கொள்ளை போன பிறகு கதவைச் சாத்துகிற வேலை. 12.2-இல் வெட்டினாலும், இரண்டு மூன்று வருஷம் ஓடிய பேட்டரிக்கு அந்தப் பாதியில் பாதிதான் மிச்சம்.

இன்னொன்று. கார் பேட்டரியும் உங்க வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் ஒன்று இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரி உழவு மாடு, மெதுவாக நாள் முழுக்க இழுக்கும். கார் பேட்டரி ஜல்லிக்கட்டுக் காளை. மெல்லிய தகடுகளை நெருக்கி அடுக்கி, இரண்டு மூன்று விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைப் பாய்ச்சிவிட்டு ஒதுங்கி நிற்பதற்காகச் செய்தது. அதைப் பிடித்து ஏரில் பூட்டினால், அதாவது ஆழமாகக் காலியாக்கிக் காலியாக்கிக் கிடப்பில் போட்டால், தகட்டின் மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. இதை நான் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்க ஊரிலிருந்து 12 கிலோமீட்டரில், காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14, பொங்கல் நேரத்தில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் என்னிடம் காய்கறி வாங்க வருவார். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டே இந்த சல்பேட் கதையைச் சொன்னது அவர்தான்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் "நமக்கென்ன" என்று சிரிக்க வேண்டாம். உங்க வண்டியிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கிறது. கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர், பெரிய பேட்டரியை இணைக்கிற சுவிட்ச் எல்லாம் அதை நம்பித்தான். அது செத்தால், அடியில் நானூறு வோல்ட் நிறையக் கிடந்தாலும் வண்டி எழுந்திருக்காது.

சரி, அந்தச் சென்னைக் காரில் ஒயர் எப்படி வந்தது என்று பார்ப்போம் என்று ஸ்டியரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. ஏதோ ஒரு கடையில், 20 ஆம்பியர் மஞ்சள் ஃபியூஸைப் பிடுங்கி, அதன் காலில் நூல் மாதிரி ஒரு ஒயரைச் சுற்றி, மறுபடி சொருகிவைத்திருக்கிறார்கள். கேமரா ஒயருக்கென்று தனி ஃபியூஸ் இல்லை. அந்தத் தம்பியிடம் சொன்னேன்: ஃபியூஸ் இருப்பது கேமராவைக் காப்பாற்ற இல்லை, ஒயரைக் காப்பாற்ற. அந்த நூல் ஒயர் எங்கேயாவது தோல் உரிந்து இரும்பில் பட்டால், 20 ஆம்பியர் ஃபியூஸ் "இன்னும் நம்ம அளவு வரலையே" என்று உட்கார்ந்திருக்கும். அதற்குள் ஒயர் பழுத்துவிடும். அது ஓடுவது பிளாஸ்டிக்குக்கும் துணிக்கும் நடுவில்.

எங்க மோட்டார் கொட்டகைகளில் இந்தக் கதை பழசு. அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று, பீஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதிலாக நாலு இழைத் தாமிரத்தை முறுக்கிப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு ஃபியூஸ் போகவே போகாது, மோட்டார்தான் போகும். என் சித்தப்பா அப்படிச் செய்து கொட்டகைக் கூரையையே எரித்தார். அவரைப் படிக்காதவர் என்று நீங்கள் சொல்லலாம். பதினைந்து லட்சத்துக் காருக்கு அதே வேலையைச் செய்து காசும் வாங்கிய கடைக்காரரை என்னவென்று சொல்வது?

டிராக்டர் கரண்டில் வண்டி எழுந்துவிட்டது. இன்ஜின் ஓட, அந்தத் தம்பிக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது. நான் கேமராவைத் திட்டியது அவருக்குப் பொறுக்கவில்லை போல. "அப்படிச் சொல்லாதீங்கண்ணே, எவ்வளவு கிளியரா எடுக்குது பாருங்க" என்று போனை எடுத்து நீட்டினார்.

மூன்று நாளில் அறுபது எழுபது துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், அரை நிமிஷம். ஆடு போனால் ஒன்று. பையன்கள் பம்பரம் விட்டால் ஒன்று. விடிகாலை ஐந்தரைக்கு ஒன்று, ஐந்து நாற்பதுக்கு ஒன்று, ஐந்து ஐம்பதுக்கு ஒன்று.

புளியமரத்துக்கு எதிரே இருப்பது என் மோட்டார் தொட்டி. விடிகாலையில் தண்ணீர் விழும்போது எங்க தெருப் பெண்கள் அங்கேதான் குளிப்பார்கள், துவைப்பார்கள். இருபது வருஷமாக அப்படித்தான். அந்த நேரத்தில் ஆம்பளைகள் அந்தப் பக்கம் போக மாட்டோம். நானே மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போவேன். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் போனில் என் மதினி ஈரச்சேலையோடு நடந்து வருகிறார். பின்னாலேயே பக்கத்து வீட்டு ஆத்தா. காரைப் பார்த்தார்கள், உள்ளே ஆள் இல்லை என்று பார்த்தார்கள், தலையைத் துவட்ட ஆரம்பித்தார்கள்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், முகம் மாறிவிட்டது. "நான் இதெல்லாம் பாக்கவே இல்லண்ணே, சத்தியமா. லூப்ல தானா அழிஞ்சிரும்ணே" என்றார். பிறகு அங்கேயே நின்று ஒவ்வொன்றாக அழித்தார். நல்ல மனுஷன். அதனால்தான் எழுதுகிறேன். கெட்ட எண்ணத்தோடு கேமரா வைக்கிறவனுக்கு எழுதிப் பிரயோஜனம் இல்லை, அவனுக்கு வேறு வைத்தியம் இருக்கிறது.

அந்த "லூப்ல அழிஞ்சிரும்" என்ற சமாதானம் பாதிதான் உண்மை. ஓடும்போது எடுக்கிற படத்தின் மேல் புதுப்படம் ஏறிப் பழையது அழியும், சரி. ஆனால் பல கேமராக்களில், அசைவைப் பார்த்தோ அதிர்வைப் பார்த்தோ தானாக எடுத்த துண்டுகளைத் தனி அறையில் பூட்டிவைத்துவிடும். சுற்றில் அவை அழியாது. முக்கியமானது என்று மெஷின் முடிவு செய்துவிட்டது அல்லவா? விபத்துக்காக வைத்த பூட்டு. அதற்குள் என் மதினி.

எங்க ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர் என்பது வெளி, வெளியில் நடப்பதை எடுத்தால் என்ன தப்பு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நகரத்தில் சுவர் இருக்கிறது, அதற்கு உள்ளே இருப்பது உங்களுக்கு அந்தரங்கம். இங்கே சுவருக்குப் பதில் நேரம் இருக்கிறது. ஐந்தரை மணி என்பது ஒரு கதவு. எங்க ஆள் எவனும் அதைத் திறக்க மாட்டான். உங்க கேமராவுக்கு அந்தக் கதவு தெரியாது, ஏனென்றால் நீங்கள் அதற்கு ராத்திரியும் கரண்ட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

ஜெர்மனிக்காரர்கள் இதை நீதிமன்றம் வரை கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறார்கள். 2018 மே 15 அன்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில், கார்க் கேமராப் படத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. அதே தீர்ப்பில், காரணம் இல்லாமல் இடைவிடாமல் எடுத்துச் சேர்ப்பது தனிமனிதத் தகவல் சட்டத்துக்கு விரோதம் என்றும் சொன்னது. குறுகிய நேரத்தில் தானே அழிந்து, மோதல் நடந்தால் மட்டும் நிலைக்கிற மாதிரி கேமராவை அமைக்க முடியுமே என்பது அவர்கள் காட்டிய வழி. படமும் வேண்டும், வழிப்போக்கன் மானமும் வேண்டும் என்று இரண்டையும் ஒரே தீர்ப்பில் வைத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு "விவசாயி கேமராவே வேண்டாங்கிறார்" என்று பகிர்ந்துவிடாதீர்கள். என் லோடு வண்டியில் கேமரா இருக்கிறது. ஏன் வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நெல் மூட்டையோடு குன்றக்குடி தாண்டி வரும்போது பக்கத்துப் பாதையிலிருந்து ஒரு பைக் ஏறியது. பையனுக்குக் கால் முறிந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, முருகன் புண்ணியம். ரோட்டில் ஒரு சட்டம் உண்டு, எந்தப் புத்தகத்திலும் இருக்காது: பெரிய வண்டிதான் குற்றவாளி. வழக்கு என் மேல். கேமரா அப்போதும் வண்டியில் இருந்தது, மச்சான் வாங்கிக் கொடுத்தது. கார்டை எடுத்துப் பார்த்தால் விபத்துக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே படம் நின்றிருக்கிறது. சிகரெட் பற்றவைக்கிற குழியில் சொருகியிருந்த பிளக், எங்க ரோட்டுக் குலுக்கலில் மெல்ல மெல்ல வெளியே வந்துவிட்டது. சிகரெட் பற்றவைக்க அரை நிமிஷம் உள்ளே இருக்க வேண்டிய சாமானுக்காகச் செய்த குழி அது. நாள் முழுக்கப் பிளக்கைப் பிடித்துக்கொண்டிருக்கச் செய்ததில்லை. கேமராவுக்குள் இருந்த சின்ன பேட்டரியும் உதவவில்லை. சிவகங்கைச் சீமையின் சித்திரை வெயிலில் கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்து உட்கார்ந்து அது உப்பிப்போய்க் கிடந்தது. லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர் உள்ள கேமராவாக வாங்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. கரண்ட் பட்டென்று போனாலும் எடுத்துக்கொண்டிருக்கும் படத்தை ஒழுங்காக மூடிவைக்க அதற்குச் சில விநாடி பலம் இருக்கும். விபத்தில் அந்தக் கடைசிச் சில விநாடிதானே சங்கதி.

அந்தப் பையன் மேல்தான் முழுத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நான் கொஞ்சம் முன்னாலேயே பார்த்திருக்கலாமோ என்று இன்றைக்கும் சில ராத்திரி தோன்றும். படம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும், எனக்காவது. 2022-இல் தமிழ்நாட்டில் பதிவான சாலை விபத்துகள் 64,105. நாட்டிலேயே நாம்தான் அதில் முதலிடம். அத்தனை வழக்கிலும் இப்படி இரண்டு தரப்பு, இரண்டு கதை. அதனால் ஓடுகிற வண்டிக்குக் கேமரா வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானத்தில் விண்கல் வெடித்தபோது, அதை உலகத்துக்குக் காட்டியதும் இப்படி ரோட்டில் போய்க்கொண்டிருந்த வண்டிகளின் கேமராக்கள்தான். அது எந்தப் பாதையில் வந்தது என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட அந்தப் படங்கள் உதவின. ஓடும் வண்டி, ஓடும் கேமரா. அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் வண்டியில் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், உங்க மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வருகிற ஃபியூஸ் ஒன்றை மீட்டர் வைத்துக் கண்டுபிடித்து (வைப்பர், ரேடியோ, அந்த சிகரெட் குழி, இப்படி ஏதாவது ஒன்று, ஏர்பேக், பிரேக் ஃபியூஸ் பக்கம் தலைவைத்தே படுக்கக் கூடாது), அதில் ஃபியூஸ் டேப் என்ற குட்டிச் சாமானைச் சொருகியிருக்கிறேன். கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பழைய சர்க்யூட்டுக்கு அதன் ஃபியூஸ், கேமராவுக்குத் தனியாக 2 ஆம்பியர் ஃபியூஸ். அதைச் சொருகுவதிலும் பக்கம் இருக்கிறது. கரண்ட் வருகிற காலின் பக்கமாக இருக்க வேண்டும், மாறிப்போனால் கேமராவின் கரண்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடும். கறுப்பு ஒயரை வண்டியின் உடம்பில், பெயின்ட் இல்லாத போல்ட்டில் கட்ட வேண்டும். பேட்டரியின் மைனஸ் முனையில் நேராகக் கட்ட வேண்டாம். புதுக் கார்களில் அங்கே ஒரு சென்சார் உட்கார்ந்து வரவு செலவு எழுதிக்கொண்டிருக்கிறது, அதன் கணக்குத் தப்பிவிடும். கண்ணாடி ஓரத் தூணில் ஏர்பேக் இருந்தால் ஒயர் அதற்குப் பின்னால் போக வேண்டும். முன்னால் போனால், பை விரியும்போது ஒயர் உங்க முகத்துக்குத்தான் வரும்.

பெரும்பாலான கிட்டுகளில் மூன்று ஒயர் இருக்கும். கறுப்பு பூமி, சிவப்பு சாவியோடு வருவது, மஞ்சள் எப்போதும் உயிரோடு இருப்பது. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், காகிதத்தைப் படியுங்கள். அந்த எப்போதும் உயிரோடு இருக்கிற ஒயர்தான் வில்லன். அது இல்லாமல் கேமரா ஓடாது என்றால், அதையும் சிவப்போடு சேர்த்துச் சாவிக் கரண்டிலேயே கட்டிவிடலாம். வண்டி நின்றால் கேமராவும் கண்ணை மூடும். பிறகு ஏதாவது ஆகிப் படம் தேவைப்பட்டால், வாட்ஸப்பில் சுற்றவிட்டுக்கொண்டிருக்காமல் கார்டை அப்படியே எடுத்துப் பத்திரமாக வையுங்கள். மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்க அதற்கென்று சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதுச் சாட்சியச் சட்டத்தில் அது 63-வது பிரிவு.

"நிறுத்தின காரில் கோடு போட்டுட்டுப் போறானே, இடிச்சுட்டு நிக்காமப் போறானே, அதுக்கு?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சென்னையில் தெருவோரம் கார் விடுகிறவன் கஷ்டம் எனக்கும் தெரியும், என் மகன் அங்கேதான் இருக்கிறான். அப்படிப்பட்டவர்களுக்கு ஓடும்போது சார்ஜ் ஏறி, நின்றபோது கேமராவுக்கு மட்டும் கொடுக்கிற தனிப் பேட்டரிப் பெட்டி விற்கிறது. விலை கூடுதல். தூங்கிக்கொண்டே இருந்து, தட்டினால் மட்டும் விழிக்கிற கேமராக்களும் வந்துவிட்டன, அவை குடிக்கிற கரண்டு சொற்பம். உங்க தெருவில், உங்க வாசலில், அதை வைத்துக்கொள்ளுங்கள். உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது இருப்பது தெரியும், பிடிக்கவில்லை என்றால் வந்து கேட்பார். எங்க மதினி யாரிடம் போய்க் கேட்பது? அது கேமரா என்றே அவருக்குத் தெரியாது. "அந்த வண்டில என்னமோ மினுக்குதே, பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு, என்ன தம்பி அது?" என்று இரண்டாம் நாளே என்னிடம் கேட்டார். "ஏதாச்சும் அலாரமா இருக்கும் மதினி" என்று சொல்லிவிட்டு உரம் எடுக்கப் போய்விட்டேன். அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

அவரிடம் நடந்ததை நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நாளையிலிருந்து தொட்டிக்கு வர மாட்டார், மற்றவர்களும் வர மாட்டார்கள். இருபது வருஷமாக இருந்த ஒரு இடம், நீலப் புள்ளி ஒன்றால் இல்லாமல் போகும். சொல்லாமல் இருப்பதும் சரியாகப் படவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. புதுக் கார் எடுத்தால் முதலில் எங்க ஊருக்குத்தான் கொண்டுவருகிறீர்கள். மாலை போட்டு, சந்தனம் வைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, இனி பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று கிளம்புகிறீர்கள். அதே பிள்ளையார் ஊரில் காரை விட்டுவிட்டுப் போகும்போது மட்டும் அவர் மேல் நம்பிக்கை போதவில்லை.

இந்த வருஷம் புளியமரத்தில் ஒரு தகரப் பலகை தொங்கும். பெயின்டர் எழுதிக்கொண்டிருக்கிறார்: "இங்கே வண்டி நிறுத்தலாம். காசு கிடையாது. கேமரா பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செல்லவும்." நேராக ஒயர் கட்டியவர்களுக்குப் பிடுங்க பிளக் இருக்காது, அவர்கள் கேமராவின் முகத்தில் கட்டுவதற்குப் பழைய வேட்டித் துண்டு ஒரு கட்டு கொட்டகையில் வைத்திருக்கிறேன். ஜம்ப்பர் கேபிளும் அதே ஆணியில்தான் தொங்குகிறது.